தக்காளி ஊசிப்புழு அந்துப்பூச்சி: அடையாளம் காண்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தக்காளி இலையில் வெள்ளைக் கோட்டைக் கண்டதும் ஊசிப்புழு என்று முடிவுகட்டுவதே அதிகம் நடக்கும் தவறு. நெளிநெளியாக நீளும் கோடு பெரும்பாலும் இலைத்துளைப்பான் ஈயின் வேலை. ஊசிப்புழு உட்சதையைத் தின்று அகலத் திட்டாக்கும். இரு பக்கத் தோலும் கண்ணாடித்தாள் போல் மிஞ்ச, கரிய எச்சம் ஒரு மூலையில் குவிந்திருக்கும். பிறந்த புழுவின் தடமும் ஒல்லிதான் என்பதால், நன்றாக விரிந்த திட்டைக் குண்டூசியால் பிரித்துப் பாருங்கள். தனித் தலையும் கால்களும் இருந்தால் அந்துப்பூச்சியின் புழு. இரண்டுமே இல்லையென்றால் ஈயின் புழு.

புழுவின் நிறத்தை நம்பவே வேண்டாம். வெளிர்மஞ்சளில் தொடங்கிப் பச்சையாகி, முதிரும்போது இளஞ்சிவப்பு ஏறும். 10 மடங்கு லென்ஸில் தலைக்குப் பின்புறமுள்ள தகட்டைப் பாருங்கள்: ஊசிப்புழுவுக்கு அங்கே ஒடுங்கிய கரும்பட்டை. உருளைக்கிழங்கு அந்துப்பூச்சியின் புழுவுக்கு அந்தத் தகடு முழுக்கக் கருத்திருக்கும்.

வளர்ந்த பூச்சி 5 முதல் 7 மி.மீ. நீளம், இறக்கை விரித்தால் சுமார் 10 மி.மீ. வெள்ளி கலந்த சாம்பல் நிறம், முன்னிறக்கையில் கரும்புள்ளிகள், நூல் போன்ற உணர்கொம்பு, மேல்நோக்கி வளைந்த உதட்டு உணரிகள். இவையெல்லாம் ‘ஜெலிக்கிடே’ குடும்பத்தில் பல இனங்களுக்கும் பொருந்தும். பெண்பூச்சியின் மணத்தால் ஆண்பூச்சிகளை இழுத்துப் பசைத்தாளில் பிடிக்கும் இனக்கவர்ச்சிப் பொறியில் உறவு இனங்களும் விழும். பசையில் இறக்கைச் செதில் உதிர்ந்தபின் புள்ளிகளை வைத்து எதையும் சொல்ல முடியாது. பசைத்தாளிலிருந்து பிய்க்காமல், பூச்சியைச் சுற்றித் தாளையே வெட்டியெடுங்கள். உறுதிசெய்ய, வயிற்றுப் பகுதியை 10% பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் ஊறவைத்து, ஆண் இனப்பெருக்க உறுப்பை நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். முழுப் பூச்சியைச் சாராயத்தில் போட்டால் செதில் கெடும். உறையவைத்துக் கொன்று, நுண்ணூசியில் குத்தி உலர்த்துவதே சரி. டி.என்.ஏ. சோதனைக்கான புழுவுக்கு மட்டும் 95% எத்தனால்.

வகைப்பாட்டில் பெயர்க் குழப்பம் பெரிது. 1917இல் பூச்சியியலாளர் மேரிக் பெரு நாட்டு மாதிரியைக் கொண்டு இதை ‘ஃப்தோரிமேயா அப்சொலூட்டா’ என்று விவரித்தார். பல பேரினங்கள் மாறி, 1994இல் ‘டூட்டா’வுக்கு வந்தது. 2021 ஆய்வு அதை மீண்டும் ஃப்தோரிமேயாவிலேயே சேர்த்தது. உருளைக்கிழங்கு அந்துப்பூச்சியும் இதே பேரினம்தான். ஆனால் ஊசிப்புழுவின் டூட்டா, ஃப்தோரிமேயா என்ற இரண்டு பெயரையும் இரு வேறு இனங்களாகப் பதிவேட்டில் எழுதாதீர்கள். இந்தியாவில் 2014இல் இது கண்டறியப்பட்டபோது வழங்கியது டூட்டா என்ற பெயரே. அதனால் பழைய பதிவுகளைத் தேட இரண்டுமே வேண்டும். மாதிரிச் சீட்டில் ஊர், தேதியோடு எந்தச் செடியில் எடுத்தது என்பதையும் குறியுங்கள். தக்காளி, கத்தரி, உருளைக்கிழங்கு மூன்றிலுமே இது வரும்.