வன்னியில் ஓட்டோமெற்றிக் கார்: புதிதாக வந்து ஓடுபவர்களுக்கு

பிரான்ஸிலோ சுவிஸிலோ கிளச் மிதித்துப் பழகியவர்கள் கிளிநொச்சிப் பக்கம் வந்து தங்கும்போது, கைக்குக் கிடைப்பது அநேகமாக அக்குவா, பிறியஸ் போன்ற ஜப்பான் ஹைபிறிட் கார்தான், அதாவது பெற்றோல் எஞ்சினும் பற்றரியில் ஓடும் மோட்டாரும் சேர்ந்தது. கியர் மாற்றும் வேலை இல்லை, லேசு என்பார்கள். உண்மைதான், ஆனால் முதலில் இடது காலை அடக்க வேண்டும். அது கிளச் தேடிப் பாய்ந்தால் மிதிபடுவது பிறேக். பல பிறியஸ்களில் ஹான்ட்பிறேக்கே இடது காலடியில் ஒரு மிதியாக இருக்கும். டிப்பர் பின்னால் வரும் ஏ9 வீதியில் இது விளையாட்டல்ல.

அக்குவாவில் கியர் நிலைகள் மேலிருந்து கீழே பார்க்கிங், றிவேர்ஸ், நியூட்றல், ட்றைவ். பல பிறியஸ்களில் பார்க்கிங்குக்கு மட்டும் தனிப் பொத்தான் இருக்கும். பிறேக்கை மிதித்துக்கொண்டே மாற்றுங்கள். றிவேர்ஸிலிருந்து ட்றைவுக்கு வரும்போது கார் முழுதாக நிற்கவேண்டும். ட்றைவில் போட்டால், அக்சிலேற்றரைத் தொடாமலே கார் மெல்ல நகரும். வீதியோரம் நெல் காயும் இடத்திலும் மாடுகள் படுத்திருக்கும் இடத்திலும் அந்த நகர்வே போதும், பிறேக்கால் அடக்கிப் போகலாம். ட்றைவுக்குக் கீழே இன்னொரு நிலை இருந்தால், அது மலையிறக்கத்தில் எஞ்சினால் வேகத்தைக் குறைக்க. வன்னித் தரையில் அதற்கு வேலையில்லை.

ரயில் கடவையில் நிற்கும்போது பலர் நியூட்றலில் போடுகிறார்கள். ஹைபிறிட்டில் அது வேண்டாம். நியூட்றலில் பெரிய பற்றரிக்குச் சார்ஜ் ஏறாது, ஏசியோ அதைக் குடித்துக்கொண்டே இருக்கும். கொஞ்ச நேரமென்றால் ட்றைவில் பிறேக்கை மிதித்தபடி நில்லுங்கள். நேரமாகும் என்றால் பார்க்கிங்.

நான் அதிகம் பயப்படுவது சத்தமில்லாத எஞ்சினுக்கு. முறிகண்டிப் பிள்ளையாரடியில் நிறுத்தியதும், கார் ஓஃப் ஆகிவிட்டது என்று நம்பி ட்றைவிலேயே விட்டு இறங்கிவிட முடியும். முன்னால் கச்சான் கடைகள், சனம், பிள்ளைகள். மீற்றரில் ‘றெடி’ வெளிச்சம் எரிந்தால் கார் புறப்படத் தயாராக நிற்கிறது என்று அர்த்தம். பிறேக்கை மிதித்து, ஹான்ட்பிறேக் போட்டு, பார்க்கிங்கில் மாற்றி, ஓஃப் பண்ணி, அந்த வெளிச்சம் அணைந்ததைப் பார்த்த பிறகே கதவைத் திறவுங்கள்.

அப்புறம், இடைவழியில் கார் நின்றுபோனால் தள்ளி ஸ்ரார்ட் பண்ண முடியாது. உழவு இயந்திரமும் கயிறுமாக அயலவர்கள் ஓடிவருவார்கள், நல்ல மனதோடுதான். ஆனாலும் இழுக்க விடாதீர்கள். முன்சில்லுகள் தரையில் உருண்டபடி இழுபட்டால் மோட்டாரும் கியர்பெட்டியும் பழுதாகலாம். காரை ஏற்றிச் செல்லும் லொறி வரும்வரை பொறுத்திருங்கள்.