உப்புக்காற்றில் ஒரு கம்ப்யூட்டர்: காசு கரையும் தவறுகள்

ராமேஸ்வரத்துக்குப் பக்கத்து மண்டபம் ஊரில் மீன் வியாபாரம் பார்க்கும் நண்பர் ஒருவர், கணக்கு எழுதும் கம்ப்யூட்டர் ஆமையாக நகர்கிறதென்று ரேமை (வேலை செய்யும்போது தகவலைத் தற்காலிகமாக வைக்கும் மெமரி) 8 ஜிபியிலிருந்து 16 ஜிபி ஆக்கினார். ஒரு மாற்றமும் இல்லை. "அண்ணே, கடைக்காரன் ஏமாத்திட்டானா?" என்று என்னிடம் வந்தார். கடைக்காரர் மேல் தப்பில்லை, கேட்டதைக் கொடுத்திருக்கிறார். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி எந்தப் பாகம் எவ்வளவு வேலை செய்கிறதென்று காட்டும் டாஸ்க் மேனேஜரைத் திறந்து பார்த்தோம். மெமரி கால்வாசிதான் நிரம்பியிருந்தது. டிஸ்க் மட்டும் 100 சதவீதத்தில் திணறிக்கொண்டிருந்தது.

பெரும்பாலான வீண்செலவு இங்கேதான் தொடங்குகிறது. வலிக்கிற இடம் எதுவென்று பார்ப்பதற்கு முன்பே மருந்து வாங்கிவிடுகிறோம். பழைய ஹார்ட் டிஸ்க்கில் ஒரு முள் சுழலும் தட்டின் மேல் இடம் தேடி அலைய வேண்டும். ஒவ்வொரு தேடலுக்கும் சுமார் 10 மில்லிசெகண்ட் ஆகும். விண்டோஸ் திறக்கும்போது ஆயிரக்கணக்கான சின்னச் சின்ன ஃபைல்களைப் படிப்பதால் அந்த அலைச்சல் நிமிடக்கணக்கில் சேர்ந்துவிடுகிறது. சிப்பில் சேமிக்கும் புதுவகை டிஸ்க்கான எஸ்எஸ்டியில் முள்ளும் இல்லை, அலைச்சலும் இல்லை. நண்பருக்கு 16 ஜிபி ரேம் தராத வேகத்தை சாட்டா என்ற பழைய இணைப்பு வகையில் வரும் ஒரு சாதாரண எஸ்எஸ்டி தந்தது.

சரி, எஸ்எஸ்டி என்றால் எதை வாங்குவது? சாட்டா வகை விநாடிக்கு சுமார் 550 எம்பி படிக்கும். என்விஎம்இ என்ற புது இணைப்பு வகை 3,500, அதற்கு மேலும் போகும். எண்ணைப் பார்த்து மயங்க வேண்டாம். கணக்கு எழுதுவதற்கும் பிரவுசருக்கும் இந்த வித்தியாசம் கண்ணுக்கே தெரியாது. கல்யாண வீடியோ எடிட் செய்பவருக்குத் தெரியும். இன்னொன்று, எம்.2 எனப்படும் சின்னக் குச்சி வடிவ எஸ்எஸ்டிகள் பார்வைக்கு ஒரே மாதிரி இருந்தாலும் சில ஸ்லாட்டுகள் சாட்டாவை மட்டும் ஏற்கும், சில என்விஎம்இயை மட்டும். மதர்போர்டின் (எல்லாப் பாகமும் மாட்டும் முக்கியப் பலகை) மாடல் எண்ணைக் குறித்துக்கொள்ளாமல் கடைக்குப் போகாதீர்கள். ரேமுக்கும் இதே கதைதான்: பழைய தலைமுறை டிடிஆர்3 ஸ்லாட்டில் அடுத்த தலைமுறை டிடிஆர்4 ரேம் நுழையவே நுழையாது.

கீழக்கரைப் பக்கம் வேறொரு பழக்கம் உண்டு. துபாயில் இருக்கும் காக்காவிடம் (அண்ணனிடம்) சொல்லி கிராபிக்ஸ் கார்டு வரவழைப்பது. அங்கேயும் 230 வோல்ட்தான், அதனால் மின்சாரம் பிரச்சினையில்லை. ஆனால் வாரண்டி இந்தியாவில் செல்லுமா என்று முதலில் கேளுங்கள். செல்லாதென்றால் விலையில் மிச்சம் பிடித்தது ஒரே பழுதில் போய்விடும். அந்தக் கார்டைப் பெயர் தெரியாத மலிவு எஸ்எம்பிஎஸ்ஸில் (கம்ப்யூட்டருக்கு மின்சாரம் தரும் பெட்டி) மாட்டுவது அதைவிடப் பெரிய தவறு. மேலே 500 வாட் என்று அச்சடித்திருந்தால் உள்ளே 500 வாட் இருக்கும் என்று அர்த்தமில்லை.

கேபினட்டைத் தொட்டால் சுருக்கென்று அடிக்கிறதா? அது எர்த் சரியில்லாததன் அடையாளம். எஸ்எம்பிஎஸ் கசிய விடும் சிறு மின்சாரம் தரைக்குப் போக வழியில்லாமல் உலோக உடம்பிலேயே நிற்கிறது. நம் ஊர் மணலோ காய்ந்துவிட்டால் மின்சாரத்தை எளிதில் கடத்தாது. எலக்ட்ரீசியனைக் கூப்பிட்டு எர்த் பார்த்த பிறகு புது பாகம் வாங்குங்கள்.

அப்புறம் உப்பு. உலோகம் எப்படி அரிக்கிறதென்று சோதிக்க காரைக்குடி சிக்ரி (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி) நிறுவனம் மண்டபத்தில் நிலையம் வைத்தது சும்மா இல்லை. 1914இல் திறந்த பாம்பன் பாலத்துக்கே ஓயாமல் பெயின்ட் அடிக்க வேண்டியிருந்தது, நம் ரேம் எம்மாத்திரம்! திரை வராமல் வெறும் பீப் சத்தம் மட்டும் வந்தால் உடனே புதுசு வாங்கிவிடாதீர்கள். பிளக்கைப் பிடுங்கிவிட்டு ரேமைக் கழற்றி, அதன் பொன்னிறப் பற்களைப் பென்சில் அழிக்கும் ரப்பரால் மெல்லத் தேய்த்து, தூளைத் துடைத்துவிட்டு மாட்டிப் பாருங்கள். இப்படி எழுந்து உட்கார்ந்த "செத்த" கம்ப்யூட்டர்களை நான் நிறையவே பார்த்திருக்கிறேன். பாதுகாப்பு என்று பாலித்தீன் உறையால் இறுக்கி மூடுவதும் வேண்டாம், ஈரம் உள்ளேயே தங்கிவிடும். மாதக்கணக்கில் சும்மா கிடப்பதைவிடத் தினம் ஓடும் மெஷின் இங்கே நன்றாக இருக்கும், அதன் சூடே ஈரத்தை விரட்டுகிறது.

கடைசியாக, பத்து வருடப் பழைய மெஷினுக்குச் செலவு செய்யும் முன் பிராசசரைப் பாருங்கள். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 முறைப்படி ஓட, இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையாவது வேண்டும், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் வேண்டும். அதற்குக் கீழே இருந்தால் எஸ்எஸ்டி மட்டும் போடுங்கள், அதைப் பின்னால் புது மெஷினுக்கு மாற்றிக்கொள்ளலாம். ரேமை அப்படி மாற்ற முடியுமென்று நம்ப வேண்டாம். மண்டபத்து நண்பரின் அந்த இரண்டாவது 8 ஜிபி டிடிஆர்3 குச்சி, புது மெஷினில் பொருந்தாமல் இன்னும் அவர் கல்லாப்பெட்டியில்தான் கிடக்கிறது.