இசபெல்லாவை மரணத்திலிருந்து எழுதத் தொடங்காதீர்கள்

வியன்னாவின் ஷோன்புரூன் அரண்மனையில் ஒரு பெரிய ஓவியம் இருக்கிறது. 1760 அக்டோபரில் இத்தாலியின் பார்மா இளவரசி இசபெல்லாவுக்கும் ஆஸ்திரிய இளவரசர் யோசப்புக்கும் நடந்த திருமணத்தையொட்டிய இசை விழா அது. மண்டபம் கொள்ளாத கூட்டம். நடுவே பிற்காலத்து இசைமேதை மோட்சார்ட்டும் சிறுவனாகத் தெரிகிறான். அதை நம்பி, கல்யாணத்துக்கு மோட்சார்ட் வந்திருந்தான் என்று எழுதிவிடுகிறார்கள். அப்போது அவனுக்கு நாலு வயது. வியன்னாவுக்கே 1762-இல்தான் முதன்முதலாக வந்தான். ஓவியர்கள் பிற்பாடு சேர்த்த முகம் அது.

இசபெல்லாவைப் பேரரசி என்பதும் தவறு. யோசப் பேரரசரானது 1765-இல். இசபெல்லா 1763 நவம்பர் 27 அன்றே இறந்துவிட்டார், 21 வயதில். அந்த வீட்டில் பேரரசி என்றால் மாமியார் மரியா தெரசாதான்.

பெயர்களிலும் கவனம் வேண்டும். மரியா கிறிஸ்டினா என்பது நாத்தனாரின் பெயர். இசபெல்லா இறப்பதற்குச் சில நாள் முன்பு அவருக்குக் குறைமாதத்தில் பிறந்து அன்றே இறந்த குழந்தைக்கும் அதே பெயர்தான்.

அந்த நாத்தனாருக்கு இசபெல்லா பிரெஞ்சில் எழுதிய சுமார் 200 கடிதங்கள் இருக்கின்றன. ஒரே அரண்மனையில் இருந்துகொண்டே எழுதியவை. அவற்றை ‘நாத்தனார் பாசம்’ என்று சுருக்குவதுதான் எனக்கு மிகவும் வருத்தம் தரும் தவறு. அவற்றில் இருப்பது காதல். காலையில் எழுந்ததும் தேடும் தவிப்பு. அதற்காக யோசப்பைக் கொடுமைக்காரக் கணவராக்கவும் கூடாது. மனைவியை அவர் உயிராக நேசித்தார், நோயில் பக்கத்திலேயே இருந்தார்.

கடிதங்களில் சாவைப் பற்றிய ஏக்கமும் உண்டு. அதை வைத்துக்கொண்டு ‘துக்கத்தால் மாண்டாள்’ என்று முடிக்காதீர்கள். கொன்றது பெரியம்மை. இசபெல்லாவின் தாய், பிரெஞ்சு மன்னர் 15-ஆம் லூயியின் மூத்த மகள்; அவரையும் 1759-இல் அதே நோய்தான் கொண்டுபோனது. ஜென்னரின் தடுப்பூசி வர இன்னும் முப்பது ஆண்டுகளுக்கு மேல் இருந்தது. நோயாளியின் அம்மைக் கொப்புளச் சீழையே எடுத்துக் குத்தும் பழைய முறையை வியன்னா அரசகுடும்பம் ஏற்றதே 1768-இல்தான்.

இசபெல்லாவைப் பற்றி எழுத உட்கார்ந்தால் வயலினிலிருந்து தொடங்குங்கள். அவர் நன்றாக வாசிப்பார். குழந்தை வளர்ப்பைப் பற்றிச் சிந்தித்து எழுதினார். ஆண்களைப் பற்றி ஒரு கட்டுரையும் எழுதினார். படித்தால் சிரிப்பு வரும், பிறகு யோசிக்க வைக்கும்.