சத்தமில்லாமல் ஒழுகும் தண்ணீரைக் கண்டுபிடிப்பது எப்படி?

எல்லாக் குழாய்களையும் மூடிவிட்டு மீட்டர் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு மணி நேரம் யாரும் தண்ணீர் புழங்கக்கூடாது. தானாக நிரம்பும் தொட்டி இருந்தால் அதன் வால்வையும் மூடுங்கள், இல்லாவிட்டால் கணக்கு தப்பும். எண் நகர்ந்திருந்தால் எங்கோ கசிகிறது.

முதலில் சந்தேகப்பட வேண்டியது கழிப்பறை ஃப்ளஷ் டேங்க்கைத்தான். அதில் உணவுக் கலர் பத்துச் சொட்டு விட்டு, 20 நிமிடம் ஃப்ளஷ் செய்யாமல் விடுங்கள். கோப்பையில் நிறம் தெரிந்தால் அடியிலுள்ள ரப்பர் வாஷர் சரியாக உட்காரவில்லை. கழற்றி விரலால் தடவிப் பாருங்கள். உப்புப் படிந்து சொரசொரத்தால் துடைத்துச் சுத்தம் செய்தாலே போதும். விளிம்பு நெளிந்திருந்தாலோ கையில் கருப்பு ஒட்டினாலோ மாற்றுவதே மேல். கடைக்குப் பழையதையே எடுத்துப் போங்கள், அளவு பிசகினால் மறுபடியும் கசியும்.

ஃப்ளஷ் டேங்க்குக்குள் நிற்கும் ஓவர்ஃப்ளோ குழாய்க்குள் (மிஞ்சிய தண்ணீர் வெளியேறும் குழாய்) தண்ணீர் வழிந்தால் கோளாறு மிதவையில். நீர்மட்டம் குழாய் வாய்க்கு 2 செ.மீ. கீழே நிற்கும்படி அதை இறக்குங்கள்.

சொட்டும் குழாய்க்கு அடியில் 15 நிமிடம் அளவுக் குவளை வையுங்கள். சேர்ந்ததை 96 ஆல் பெருக்கினால் ஒரு நாள் இழப்பு: 100 மி.லி. என்றால் 9.6 லிட்டர். சொட்டை நிறுத்தக் குழாயை முறுக்கி மூடாதீர்கள், வாஷர் இன்னும் சீக்கிரம் நசுங்கும்.