க்ரூகருக்குக் குழுவாகப் போகிறீர்களா? காசும் பகலும் வீணாகும் இடங்கள்

தென்னாப்பிரிக்காவின் க்ரூகர் தேசியப் பூங்காவுக்கு விலங்குகளைப் பார்க்கப் பத்துப் பேர் சேர்ந்து போனால் செலவு குறையும் என்பது உண்மைதான். வண்டி வாடகை, எரிபொருள், வழிகாட்டியின் கூலி எல்லாம் பங்கு பிரிந்துவிடும். ஆனால் பத்துப் பேர் சேர்ந்தால் ஆசையும் பத்தாகிவிடும். ஒருவர் ஜிம்பாப்வேயின் விக்டோரியா அருவி என்பார், இன்னொருவர் போட்ஸ்வானாவின் ஒகவாங்கோ சதுப்புநிலம் என்பார், மூன்றாமவருக்கு நமீபியாவின் மணல்மேடுகள் வேண்டும். யாரையும் வருத்தப்படுத்த மனமில்லாமல் பத்து நாளில் நான்கு நாடு என்று திட்டம் போடுவார்கள். கையில் அளவாகப் பணம் வைத்திருப்பவர்கள் செய்யும் பெரிய தவறு இதுதான்.

ஜோஹன்னஸ்பர்க்கிலிருந்து க்ரூகர் தேசியப் பூங்காவுக்குப் போகவே சாலையில் ஐந்து மணி நேரம் ஆகும். அங்கிருந்து விக்டோரியா அருவி ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல். வாடகை வண்டியில் எல்லை தாண்ட அந்த நிறுவனத்தின் அனுமதிக் கடிதம் வேண்டும், அதற்குத் தனிக் கட்டணமும் உண்டு. போட்ஸ்வானாவோ, குறைவான பயணிகள், கூடுதல் கட்டணம் என்பதையே கொள்கையாக வைத்திருக்கும் நாடு. என்னைக் கேட்டால் முதல் பயணத்துக்கு க்ரூகர் ஒன்றே போதும், ஐந்து இரவு தங்குங்கள்.

சரி, க்ரூகருக்குள் போனபிறகும் இதே அவசரம் தொடரும். பூங்கா வடக்கு தெற்காகச் சுமார் 360 கிலோமீட்டர் நீளம். தார்ச்சாலையில் வேக வரம்பு 50, மண்சாலையில் 40. பூங்காவுக்குள் தங்கும் இடங்களில் ஒன்றான ஸ்குகூசா முகாமிலிருந்து இன்னொன்றான லோயர் சபி முகாமுக்கு ஆற்றோரமாக ஏறக்குறைய 45 கிலோமீட்டர்தான். வரைபடத்தைப் பார்த்தால் ஒரு மணி நேரம் என்று தோன்றும். ஆனால் வழியில் ஒரு யானைக் கூட்டம் குட்டிகளோடு சாலையைக் கடக்கும், அதற்கு முன் ஐந்தாறு வண்டிகள் நிற்கும், கடைசி யானை நடுச்சாலையில் நின்று கிளை ஒடித்துத் தின்னும். மூன்று மணி நேரமாவது ஒதுக்குங்கள். முகாமின் கதவு மாலையில் குறித்த நேரத்தில் மூடப்படும், அங்கே குளிர்காலமான ஜூன், ஜூலையில் ஐந்தரைக்கே. தாமதமானால் அபராதம்.

அடுத்தது தங்குமிடம். பூங்காவுக்கு வெளியே மலிவான விடுதிகள் உண்டு என்று போகிறவர்கள், காலையின் நல்ல நேரத்தை நுழைவாயில் வரிசையில் இழக்கிறார்கள். நவம்பர் முதல் ஜனவரி வரை உள்முகாம்களின் கதவு விடியற்காலை 4:30க்கே திறந்துவிடும், வெளி வாயில்கள் 5:30க்குத்தான். அந்த ஒரு மணி நேரத்தில்தான் வேட்டை முடிந்து திரும்பும் சிங்கங்கள் சாலையிலேயே கிடக்கும். உள்ளே கூடார இடங்களும் சிறு குடில்களும் இருக்கின்றன. பத்துப் பேருக்குப் பக்கம் பக்கமாகக் குடில் வேண்டுமென்றால் பல மாதங்கள் முன்பே பதிய வேண்டும், ஏனென்றால் முன்பதிவு 11 மாதத்துக்கு முன்பே தொடங்கிவிடும்.

பேக்கேஜ் விலை குறைவாகத் தெரிந்தால் இரண்டு கேள்வி கேளுங்கள். பூங்காவின் இயற்கைப் பாதுகாப்புக் கட்டணம் (conservation fee) அதில் சேர்ந்ததா? அது ஆளுக்கு, நாளுக்கு என்று வாங்குவது; வெளிநாட்டவருக்கு உள்ளூர்க்காரரைவிடப் பல மடங்கு. அப்புறம், வண்டியில் ஒரு இருக்கை வரிசைக்கு எத்தனை பேர்? நடு சீட்டில் உட்கார்ந்தவர் எதிர்ப்பக்கம் நிற்கும் சிறுத்தையைப் பார்க்காமலே திரும்புவார். தினமும் இடம் மாற்றிக்கொள்வது என்று முதல் நாளே பேசி வையுங்கள்.

ஆப்பிரிக்கா என்றாலே வெயில் என்று நினைத்து மெல்லிய சட்டைகளோடு போகாதீர்கள். இலையுதிர்ந்து விலங்குகள் நன்றாகத் தெரிவது ஜூன் முதல் செப்டம்பர் வரை. ஆனால் ஜூன், ஜூலையில் திறந்த வண்டியில் விடியற்காலைக் காற்று விரலை மரக்கச் செய்யும். கம்பளித் தொப்பி, தடித்த ஜாக்கெட் கட்டாயம். மலேரியா உள்ள பகுதி என்பதால் புறப்படும் முன்பே மருத்துவரைப் பாருங்கள். நைரோபி, அடிஸ் அபாபா வழியாக டிக்கெட் எடுத்து, அங்கே 12 மணி நேரத்துக்கு மேல் காத்திருக்க நேர்ந்தால், மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழ் கேட்பார்கள். ஊசி பத்து நாளுக்கு முன்பே போட்டிருக்க வேண்டும்.

முகாமில் சமைத்தால் செலவு நன்றாகக் குறையும். ஆனால் வராந்தாவில் இருக்கும் ஃப்ரிட்ஜை மூடிப் பூட்டாமல் போனால் பபூன் குரங்குகள் ரொட்டி, பழம் எல்லாவற்றையும் காலி செய்துவிடும்.

கடைசி மாலையை எங்கும் ஓடாமல் சன்செட் டேம் என்ற நீர்நிலையின் கரையில் கழியுங்கள். லோயர் சபி முகாமின் வாசலிலிருந்து கூப்பிடு தூரம்தான். இன்ஜினை அணைத்துவிட்டு உட்கார்ந்தால், நீர்யானை மூச்சு விடுகிற சத்தம் வண்டிக்குள் கேட்கும்.