ஸ்காட்லாந்து மெட்டுகளை அக்கார்டியனில் வாசிக்க, வாத்தியார் இல்லாமல்

முதல் தடவை அக்கார்டியனில் ஒரு ஜிக்கை, அதாவது துள்ளலான ஆட்ட மெட்டை, நிற்காமல் வாசித்து முடித்த அன்று பக்கத்து வீட்டு அக்கா மதிலுக்கு மேல் எட்டிப் பார்த்து, "எந்தப் படம் தம்பி இது?" என்று கேட்டார். படம் இல்லை அக்கா, ஸ்காட்லாந்து நாட்டுப்புற மெட்டு என்றேன். "அதான் பார்த்தேன், எம்.ஜி.ஆர். குதிரையில வர்ற மாதிரியே இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அதைவிடச் சரியான விமரிசனம் எனக்கு இன்றுவரை கிடைக்கவில்லை.

நான் இருப்பது கடலூர் முதுநகர். வாத்தியார் யாரும் கிடைக்கவில்லை. புதுச்சேரியில் ஒரு மெல்லிசைக் குழுவில் வாசித்துக்கொண்டிருந்த பெரியவர் கட்டிலுக்கு அடியில் கிடந்த பெட்டியை எனக்கு விற்றார், எப்படி மாட்டுவது என்று பத்து நிமிடம் காட்டினார், டீ வாங்கிக் கொடுத்தார். எனக்குக் கிடைத்த பாடம் அவ்வளவுதான். ஆகவே இது பண்டிதர் எழுதுவது இல்லை, தடுமாறித் தடுமாறிக் கற்றவன் எழுதுவது.

முதலில் பெட்டி. கட்டை வைத்த பியானோ அக்கார்டியன் போதும், அதிலும் இடது கைப் பக்கம் 48 அல்லது 72 பேஸ் பட்டன் உள்ளது. 120 பேஸ் பெட்டி பார்க்கக் கம்பீரம்தான், ஆனால் 10 கிலோ அளவுக்கு எடை இருக்கும், முதுகு கேள்வி கேட்கும். பழைய பெட்டி வாங்கினால் இரண்டு சோதனை செய்யுங்கள். துருத்தி வாரைக் கழற்றி, எந்தக் கட்டையையும் தொடாமல் ஒரு பக்கத்தைத் தூக்கிப் பிடித்தால் மறுபக்கம் தன் எடையில் மெதுவாக இறங்க வேண்டும், தடாலென்று விழுந்தால் காற்று ஒழுகுகிறது. அப்புறம் ஒவ்வொரு கட்டையையும் இழுக்கும்போது ஒருமுறை, தள்ளும்போது ஒருமுறை அழுத்திக் கேளுங்கள். இரண்டுக்கும் உள்ளே தனித்தனி ரீடு, அதாவது காற்றில் அதிர்ந்து ஒலிக்கும் உலோக நாக்கு, இருக்கிறது, இழுத்தால் பாடும் கட்டை தள்ளினால் ஊமையாக இருக்கலாம். பெட்டியைத் திறந்ததும் பூஞ்சை வாடை அடித்தால் விலை எவ்வளவு குறைத்தாலும் வந்துவிடுங்கள்.

உட்கார்ந்து வாசியுங்கள். இடது தோள் வார் வலதைவிடக் கொஞ்சம் இறுக்கமாக, துருத்தி இடது தொடை மேல் விரியும்படி. கட்டைப் பலகை வலது தொடையின் உள்பக்கம் ஒட்டி நின்றால் பெட்டி ஆடாது.

இனி முக்கியமான விஷயம். நம்மில் பலருக்கு அக்கார்டியன் என்றால் தோளில் மாட்டிய ஹார்மோனியம். நானும் அப்படித்தான் நினைத்தேன், அப்பா பஜனையில் ஹார்மோனியம் வாசிப்பவர், வலது கை எனக்கு வீட்டிலேயே வந்துவிட்டது. அதுவே பிறகு தொல்லையாகவும் ஆனது. ஹார்மோனியத்தில் துருத்திக்கு ஒரே வேலை, காற்று தீராமல் பார்த்துக்கொள்வது. அக்கார்டியனில் துருத்திதான் வயலினின் வில். எங்கே அழுத்தம், எங்கே மூச்சு, எந்த அடியில் ஆள் குதிக்க வேண்டும், எல்லாம் இடது தோளிலிருந்து வருகிறது. ஆறு மாதம் நான் சுரம் பிசகாமல் வாசித்தும் ஒன்றும் ஸ்காட்லாந்து போல ஒலிக்காததற்குக் காரணம் விரல் இல்லை, இதுதான்.

அதனால் முதல் வாரம் மெட்டே வேண்டாம். ஒரே கட்டையை அழுத்தி எட்டு எண்ணிக்கை இழுங்கள், எட்டு எண்ணிக்கை தள்ளுங்கள், திரும்பும் இடம் காதுக்குத் தெரியக்கூடாது. பிறகு நான்கு, பிறகு இரண்டு. எந்தக் கட்டையும் அழுத்தாமல் துருத்தியை இழுக்கவே கூடாது, ஒலியில்லாமல் காற்றை விடும் காற்று பட்டன் எதற்கு இருக்கிறது.

முதல் மெட்டு நீங்கள் ஏற்கெனவே கேட்டதுதான். புத்தாண்டு இரவில் உலகம் முழுக்கப் பாடுகிற 'ஆல்ட் லாங் சைன்', ஸ்காட்லாந்துக் கவிஞர் ராபர்ட் பர்ன்ஸ் 1788-ல் வரி எழுதிக் கொடுத்தது. மெட்டில் ஐந்தே சுரம், நம் மோகனத்தின் அதே ஐந்து. ஐந்து சுரம் என்பதால் வெள்ளைக் கட்டையைத் தொடாமலே வாசித்துவிடலாம்! மூன்று கறுப்புக் கட்டைகள் சேர்ந்திருக்கும் கூட்டம் ஸ ரி க, அதற்கடுத்த இரண்டு கறுப்புக் கட்டைகள் ப த. முதல் வரி இப்படி: கீழ்ப் ப, ஸா ஸ ஸ க, ரீ ஸ ரி க, ஸா ஸ க ப, தா. நெடிலாக எழுதிய இடத்தில் கொஞ்சம் நின்று போங்கள். மீதியைக் காதால் தேடுங்கள், அரை மணி நேரத்தில் அகப்படும். ஒரே எச்சரிக்கை, ஆரோகணம் அவரோகணம் தெரிந்தவர்கள் உடனே மோகன ஆலாபனைக்குப் போய்விடுவார்கள். போகாதீர்கள். சுரம் மட்டும்தான் ஒன்று, நடை வேறு.

அடுத்தது 'ஸ்கை போட் சாங்'. பிரிட்டிஷ் அரியணைக்காகப் போராடி 1746 கலோடன் போரில் தோற்ற இளவரசர் சார்லஸ் ஸ்டூவர்ட் படகில் ஸ்கை தீவுக்குத் தப்பியதைச் சொல்லும் பாட்டு, மெட்டு துடுப்பு போடுகிற நடையில் இருக்கும். நம் கரைக்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம், ஏலேலோ போட்டு வலித்தவர்களைப் பார்த்திருப்பீர்கள். ஒரு சொற்றொடருக்கு இழு, அடுத்த சொற்றொடருக்குத் தள்ளு. துடுப்பு தண்ணீரில் இறங்கும்போது பலம், எடுக்கும்போது தளர்ச்சி. துருத்தி பழக இதைவிட நல்ல மெட்டு நான் பார்க்கவில்லை, இரண்டு மாதம் இதிலேயே கிடந்தாலும் நஷ்டமில்லை.

வேகமான மெட்டுக்கு வரும்போது கருவியைக் கீழே வைத்துவிட்டு வாயால் சொல்லிப் பழகுங்கள். ஜிக் என்றால் 6/8, அதாவது தகிட தகிட. மெல்லிசை டிரம்மர்கள் சிக்ஸ் எயிட் என்று சொல்வார்களே, அதேதான். ஆனால் மூன்றும் சம நீளம் இல்லை, 'த' கொஞ்சம் நீளும், 'கி' சுருங்கும், குதிரை வருவது அங்கேதான். ரீல் என்றால் தகதிமி தகதிமி, தண்ணீர் ஓடுவது போல. மார்ச் எளிது, நடந்துகொண்டே பழகலாம். ஸ்ட்ராத்ஸ்பே தனி ஜாதி, ஸ்பே ஆற்றுப் பள்ளத்தாக்கின் பெயர் கொண்டது. அதில் அடி விழும் இடத்தில் குட்டியாக ஒரு சுரம், உடனே நீளமாக ஒன்று, 'த-தீம்' என்று சொடுக்கிவிட்டாற்போல. இதை அங்கே ஸ்காட்ச் ஸ்னாப் என்கிறார்கள். நமக்கு நீளத்தை முதலில் வைத்துக் குட்டியைப் பின்னால் வைக்கத்தான் கை போகும், திருப்பிப் போடுவதற்கே எனக்கு ஒரு மழைக்காலம் முழுக்கப் போனது.

தாளத்தின் ஒரு சுற்றை அளவு (bar) என்போம். அநேகமாக எல்லா மெட்டுக்கும் எட்டு எட்டு அளவில் இரண்டு பகுதி, ஒவ்வொன்றையும் இரண்டு தடவை வாசித்தால் மொத்தம் 32. பல்லவி, சரணம் மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். 'ஆதோல் ஹைலேண்டர்ஸ்' போன்ற ஜிக்கில் நான்கு பகுதி, அது பிறகு. சுருதி பெரும்பாலும் டி, ஜி, ஏ. ஹார்மோனியக் கணக்கில் இரண்டு கட்டை, ஐந்து கட்டை, ஆறு கட்டை. இந்த மூன்றிலும் சங்கராபரணத்தை ஏற்றி இறக்கி விரல் படியவைத்தால் பாதி மெட்டு கைக்குள்.

யாரைக் கேட்பது? ஜிம்மி ஷாண்ட், 1908-ல் பிறந்து 2000-ல் மறைந்தவர், சிறு வயதில் நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். நூல் பிடித்தாற்போன்ற தாளம் அவருடையது. ஆனால் அவர் வாசித்தது பட்டன் அக்கார்டியன், அதனால் கேளுங்கள், விரலைப் பார்த்துக் குழம்பாதீர்கள். விரல் பார்க்க வேண்டுமென்றால் ஃபில் கன்னிங்ஹாம், அவர் வாசிப்பது நம்முடைய கட்டைப் பெட்டி. யூடியூபில் வேகத்தைப் பாதியாகக் குறைத்து நான்கு நான்கு அளவாகப் பிடியுங்கள். நொட்டேஷன் தெரிந்தால் நல்லது, ஆனால் 'கி' சுருங்குவதைக் காகிதம் சொல்லாது.

இடது கை எல்லோருக்கும் பயம். துருத்தியிலிருந்து எண்ணினால் இரண்டாவது வரிசைதான் அடிப்படை பேஸ், அதில் குழி போட்ட அல்லது கல் பதித்த பட்டன் சி. அங்கிருந்து மோவாய் பக்கம் ஏற ஏற ஜி, டி, ஏ, இ. ஒவ்வொரு படியும் ஸ-விலிருந்து ப-வுக்குத் தாவல், அதனால் ஒரு மெட்டுக்கு வேண்டிய ஸ, ம, ப மூன்று பேஸும் எப்போதும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். மூன்றாவது வரிசை மேஜர் கார்டு, ஒரே பட்டனில் மூன்று சுரம் சேர்ந்து ஒலிக்கும். மோதிர விரலால் பேஸ், நடுவிரலால் கார்டு, பூம்-சக் பூம்-சக். ஜிக்கில் முதல் தகிடவின் தலையில் பூம், இரண்டாவதின் தலையில் சக். பட்டனைச் சூடான தோசைக்கல்லைத் தொடுவது போலத் தொட்டு எடுங்கள், அழுத்திப் பிடித்தால் ஆட்டம் படுத்துவிடும்.

அது வரும்வரை என் குறுக்குவழி ஒன்று. ஏ பேஸையும் அடுத்த இ பேஸையும் சேர்த்து அழுத்திப் பிடித்தால் ஸ, ப, அதாவது ஒத்து. நாகஸ்வரத்துக்கு ஒத்து மாதிரி பேக்பைப்பிலும் கூடவே நிற்கும் குழல்கள் உண்டு, ஆகவே பைப் மெட்டுகளுக்கு இது குறுக்குவழிகூட இல்லை, பொருத்தமான வழி. பேக்பைப்பில் மொத்தமே ஒன்பது சுரம், நிஷாதம் கைசிகியாக, அதாவது தாழ்ந்த நி-யாக இருக்கும், நம் காதுக்கு ஹரிகாம்போஜி வாசனை. அந்த நிஷாதம் ஓங்கி வரும் இடத்தில் கார்டை ஏ-யிலிருந்து இரண்டு பட்டன் கீழே ஜி-க்கு மாற்றிப் பாருங்கள், உடம்பு சிலிர்க்கும்.

பேக்பைப் நமக்கு அந்நியம் என்று நினைக்க வேண்டாம். 1781 ஜூலை 1 அன்று நம் பரங்கிப்பேட்டையில் ஹைதர் அலி படைக்கும் ஆங்கிலேயத் தளபதி அயர் கூட் படைக்கும் நடந்த சண்டையில் 73-ஆம் ஹைலேண்டர் என்ற ஸ்காட்லாந்துப் படைப்பிரிவின் பைப்பர் சண்டை முழுக்க வாசித்தாராம், அதில் மகிழ்ந்து கூட் புது பைப் வாங்க ஐம்பது பவுண்டு கொடுத்தார் என்று அந்தப் படைப்பிரிவின் வரலாறு சொல்கிறது. பரங்கிப்பேட்டை பஸ்ஸில் போகும்போதெல்லாம் எனக்கு இந்த ஐம்பது பவுண்டு ஞாபகம் வரும்.

அலங்காரம் பற்றிக் கொஞ்சம். பைப்பில் ஒலியை நிறுத்தவே முடியாது, அதனால் ஒரே சுரம் இரண்டு தடவை வந்தால் நடுவே மேல் சுரம் ஒன்றைச் சுண்டிப் பிரிப்பார்கள். அதை நாமும் செய்யலாம், மேல் கட்டையைத் தொட்டும் தொடாமல். ஆனால் நம்மால் விரலைத் தூக்கி ஒலியை வெட்டவும் முடியும், முக்கால்வாசி இடத்தில் அதுவே போதும். கமகம் வேண்டாம். 1940-ல் அகில இந்திய வானொலி ஹார்மோனியத்தைத் தள்ளிவைத்தபோது கட்டை வாத்தியத்தில் கமகம் வராது என்பது பெரிய குற்றச்சாட்டு, இந்த மெட்டுகளில் அந்தக் குறை யாருக்கும் தெரியாது. பழகும்போது ஒற்றை ரீடு சுவிட்சைப் போடுங்கள். ஒன்று சரியான சுருதி, ஒன்று ஒரு மயிரிழை மேலே, ஒன்று கீழே என்று மூன்று ரீடு சேர்ந்து அலையும் ஒலிதான் ஸ்காட்லாந்துப் பெட்டிகளின் அழகு, புதுச்சேரிக்காரர்கள் பிரெஞ்சு மெட்டுகளிலும் கேட்டிருப்பீர்கள், ஆனால் அந்த அலைக்குள் நம் பிழை ஒளிந்துகொள்ளும்.

நம் ஊர்க் காற்று இந்தக் கருவிக்கு எதிரி. ரீடு எஃகு, உப்புக்காற்றில் துரு பிடிக்கும். ரீடுகளை ஒட்டியிருப்பது தேன்மெழுகு, கத்திரி வெயிலில் காருக்குள் வைத்தால் இளகிவிடும். சில்வர் பீச்சில் சூரிய உதயத்துக்கு வாசிக்கும் ஆசை எனக்கும் இருந்தது, ஒரு தடவை போய்விட்டு வந்து மூன்று நாள் பட்டனிலிருந்து மணல் எடுத்தேன். 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் வந்த இரவு பெட்டியைத் தரையில் வைத்திருந்தேன். தண்ணீர் நான்கு விரற்கடைதான் ஏறியது, பேஸ் பட்டன்கள் ஊறி உள்ளே போனவை வெளியே வரவில்லை, இரண்டு ரீடு துரு. சரி, மேலே பரணில் வைப்போம் என்றால் மொட்டை மாடிச் சூடு. இப்போது பெஞ்சு மேல், பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு, படுக்கவைக்காமல் வாசிக்கும் நிலையிலேயே நிற்கிறது. வாரத்துக்கு ஒருநாளாவது எல்லாக் கட்டையும் ஒலிக்க வேண்டும், சும்மா வைத்தாலும் கெடும்.

மூன்று மெட்டு கைவந்ததும் தனியாக வாசிப்பதை நிறுத்திவிட்டு ஒரு தாளக்காரரைப் பிடியுங்கள். எனக்குக் கிடைத்தது தப்பு அடிக்கும் நண்பன், தகிட என்றதும் பிடித்துக்கொண்டான், என்னைவிட வேகமாக. ஸ்காட்லாந்தில் நடனத்துக்கு மூன்று மெட்டைக் கோத்து ஒரு செட்டாக வாசிப்பார்கள், ஒவ்வொன்றையும் இரண்டு மூன்று தடவை, நிறுத்தாமல். டி-யில் ஒன்று, ஜி-யில் ஒன்று, கடைசியில் ஏ வைத்தால் நன்றாக ஏறும். மெட்டு மாறும் இடத்தில் இடது கையை முதலில் அனுப்புங்கள், வலது கை பின்னால் வந்துவிடும். மாறப்போகிறது என்று நண்பனுக்குத் தலையை ஆட்டிச் சொல்ல முந்தைய அளவிலேயே தயாராக வேண்டும், நான் இதை மறந்துவிட்டு அவன் தகிடவிலும் நான் தகதிமியிலுமாகப் போய், பக்கத்து வீட்டு அக்கா மறுபடி மதிலுக்கு மேல் எட்டிப் பார்த்தார்.