ஆடித் தள்ளுபடிக்குப் புறப்படுமுன் போட வேண்டிய கணக்கு

காரைக்குடியிலிருந்து ஏறத்தாழ 90 கிலோமீட்டர் தொலைவிலுள்ள மதுரைக்கு ஆடித் தள்ளுபடியை நம்பிப் புறப்படுமுன், வாங்க வேண்டியவற்றை ஒரு தாளில் எழுதி, அவற்றின் உள்ளூர் விலையையும் விசாரித்துக் குறித்துக்கொள்ளுங்கள். 3,000 ரூபாய்த் துணிக்கு 20 சதவீதத் தள்ளுபடி என்றால் மிச்சம் 600 ரூபாய்தான். நால்வரின் பேருந்துக் கட்டணமும் மதியச் சாப்பாடும் சேர்ந்தால் அது கரைந்துவிடும். இலவசச் சட்டை ஒன்றுக்காகத் தேவையில்லாத இன்னொன்றையும் எடுத்தால், அதன் விலை முழுவதும் செலவே. தள்ளுபடித் துணியை மாற்றித் தருவார்களா என்பதையும் பணம் கட்டுமுன் கேளுங்கள்.

மளிகையில், உறைமேல் அச்சிட்டுள்ள கிராம் அல்லது கிலோ விலையை ஒப்பிடுங்கள்.

காரைக்குடிப் பகுதியில் நெய்யப்படும் கண்டாங்கிச் சேலையை மட்டும் தள்ளுபடியில் தேட வேண்டாம்: 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற அந்தக் கைத்தறிச் சேலைக்கு, நெய்பவரின் உழைப்புக்குரிய விலையை அவரிடமே கொடுத்து வாங்குவதுதான் முறை.